கழித்தல் கணக்கு: டாக் டாக் குழுவின் ஐந்து ஆல்பங்கள்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு கணக்கு. ஒன்பது, ஒன்பது, எட்டு, ஆறு, ஆறு. இந்த ஐந்து எண்களை மட்டும் மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1981-இல் உருவான டாக் டாக் என்ற குழு பத்தாண்டுக் காலத்தில் ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டது. 1982-இல் முதலாவது, 1984-இல் இரண்டாவது, 1986-இல் மூன்றாவது, 1988-இல் நான்காவது, 1991-இல் ஐந்தாவது. நான் சொன்ன எண்கள் அந்த ஆல்பங்களில் உள்ள பாட்டுகளின் எண்ணிக்கை. புகழ் ஏற ஏற, பணம் சேரச் சேர, பாப் குழுக்கள் கூட்டிக்கொண்டே போவதுதான் உலக வழக்கம். இரட்டைத் தட்டு வரும், பெரிய மேடை வரும், மேடையில் புகையும் விளக்கும் வரும். இவர்களோ குறைத்துக்கொண்டே போனார்கள். பாட்டை மட்டுமா குறைத்தார்கள்? மேடையைக் குறைத்தார்கள். கருவியைக் குறைத்தார்கள். சுரத்தைக் குறைத்தார்கள். கடைசியில் சத்தத்தையே குறைத்தார்கள். ஏன் இப்படிச் செய்தார்கள்? அதைவிட முக்கியமான கேள்வி, எப்படி இவர்களால் இப்படிச் செய்ய முடிந்தது?

இந்தக் குழுவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சின்தசைசர் வைத்து நடனப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு குழு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் திடீரென்று பள்ளத்தில் இறக்கியதாம். யாருக்கும் புரியாத இரண்டு ஆல்பங்களைச் செய்து சந்தையில் தற்கொலை செய்துகொண்டதாம். கலைக்காக உயிரையே கொடுத்ததாம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உருக்கமான கதையை நம்புவதற்கு முன் தட்டை ஒருமுறை சுழலவிட்டுக் கேட்பது நல்லது. கேட்டால் தெரியும், அங்கே திடீர்த் திருப்பம் என்று எதுவும் இல்லை. முதல் தட்டில் தொடங்கிய பாதைதான் கடைசித் தட்டு வரை போகிறது. இன்னொன்றும் சொல்வேன். தன் வெற்றிப் பாட்டுகளை அந்தக் குழு உதறிவிடவில்லை. அந்தப் பாட்டுகள் சம்பாதித்துக் கொடுத்த காசில்தான் அது மௌனத்தை வாங்கியது. இதுதான் என் வாதம். இனி சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

முதல் சாட்சி 1982-இன் ஆல்பம். பெயர் 'தி பார்ட்டீஸ் ஓவர்'. விருந்து முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒரு குழு விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறது, பாருங்கள்! பாடகர் மார்க் ஹாலிஸ், பேஸ் கிடாருக்குப் பால் வெப், டிரம்ஸுக்கு லீ ஹாரிஸ், கீபோர்டுக்கு சைமன் பிரென்னர். நிறுவனம் இ.எம்.ஐ. அப்போது அதே நிறுவனத்தின் செல்லப்பிள்ளை டுரான் டுரான் என்ற குழு. இவர்கள் பெயரும் இரட்டைச் சொல், அவர்கள் பெயரும் இரட்டைச் சொல். டுரான் டுரானின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த காலின் தர்ஸ்டன்தான் இவர்களுக்கும் தயாரிப்பாளர். போதாக்குறைக்கு, டுரான் டுரான் மேடையேறுவதற்கு முன் கூட்டத்தைச் சூடேற்றும் வேலையும் இவர்களுக்கே கிடைத்தது. பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? 'இன்னொரு டுரான் டுரான்' என்று சீட்டை ஒட்டிவிட்டார்கள். ஹாலிஸ் பேட்டிகளில் மைல்ஸ் டேவிஸ் என்பார், ஜான் கோல்ட்ரேன் என்பார், டெபுஸ்ஸி என்பார். எதிரில் இருந்த நிருபர்களுக்கு அது பெரிய வாய்ப் பந்தலாகத்தான் பட்டிருக்கும். நியாயமான சந்தேகமே. பெரிய பெயர்களைச் சொல்ல யாருக்கும் செலவில்லை.

அதனால் பேட்டியை ஒதுக்கிவிட்டுக் கருவியைப் பார்ப்போம். முதல் ஆல்பத்தில் சின்தசைசர் நிரம்பி வழிகிறது. அந்தக் காலத்தின் மோகம் அது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஹாலிஸ் சொன்ன காரணம் வேறு, மிகச் சாதாரணமானது. சின்தசைசர் மலிவு. வயலின்காரர் ஒருவர், டிரம்பெட்காரர் ஒருவர், ஆர்கன்காரர் ஒருவர் என்று கூலி கொடுத்து அழைக்க ஒரு புதுக் குழுவுக்கு எங்கே வசதி? ஒரே பெட்டிக்குள் எல்லாருடைய குரலும் போலியாகவாவது கிடைக்கிறது. ஏழை வீட்டு ஆர்கெஸ்ட்ரா அது. இந்த விளக்கம் பிற்காலத்தில் கட்டிய சமாதானமா, உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் காசு வந்ததும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். சின்தசைசரை நேசித்தவர்களாக இருந்தால் இன்னும் பெரிய சின்தசைசர் வாங்கியிருப்பார்கள். இவர்கள் அதை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு ஆட்களை அழைத்தார்கள்.

1984-இல் இரண்டாவது ஆல்பம், 'இட்ஸ் மை லைஃப்'. பிரென்னர் விலகிவிட்டார். டிம் ஃப்ரீஸ்-கிரீன் என்ற தயாரிப்பாளர் உள்ளே வந்தார். குழுப் படங்களில் அவர் முகம் இருக்காது. ஆனால் இந்த ஆண்டிலிருந்து பாட்டெழுதுவதில் ஹாலிஸுக்கு இணை அவர்தான், கீபோர்டும் அவர்தான். இந்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 35-ஆம் இடத்தைத்தான் எட்டியது. ஐரோப்பியக் கண்டத்தில் கதை வேறு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 'சச் எ ஷேம்' தெருவெல்லாம் ஒலித்தது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 31 வரை ஏறியது. அந்தத் தலைப்புப் பாட்டுக்கு எடுத்த வீடியோவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இயக்கியவர் டிம் போப். வீடியோ என்றால் பாடகர் வாயசைக்க வேண்டும். அதற்குத்தானே நிறுவனம் பணம் கொடுக்கிறது? ஹாலிஸ் லண்டன் உயிரியல் பூங்காவில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். மூடிய வாயின் மேல் கோடுகள் கிறுக்கப்பட்டு ஓடின. மற்றபடி திரை முழுக்க விலங்குகள். நிறுவனம் பதறிப்போய், வாயசைத்து மறுபடி எடுத்து வாருங்கள் என்றது. சரி என்று எடுத்தார்கள். பழைய வீடியோவையே பின்னால் ஓடவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டு, வேண்டுமென்றே அளவுக்கு மீறி, கேலியாக வாயசைத்துக் கொடுத்தார்கள். நான்காவது ஆல்பத்துக்கு நான்காண்டு முன்பே, பாட்டு விற்றுக்கொண்டிருந்தபோதே, வாயை மூடிக்கொள்ளும் ஆசை அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது. திடீர் மாற்றம் என்கிறவர்கள் இந்த வீடியோவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இப்போது என் வாதத்துக்குக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 1986-இன் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'. இங்கே கழித்தல் எங்கே இருக்கிறது? கூட்டல் அல்லவா நடந்திருக்கிறது? ஆர்கன் வாசிக்க ஸ்டீவ் வின்வுட் வந்திருக்கிறார். 1960-களிலேயே, விடலைப் பருவத்திலேயே பெயர் வாங்கியவர். டபுள் பாஸ் வாசிக்க டேனி தாம்ப்சன் வந்திருக்கிறார். கிடாருக்கு ராபி மெக்கின்டாஷும் டேவிட் ரோட்ஸும் வந்திருக்கிறார்கள். குழந்தைகள் கூட்டமாகப் பாடுகிறார்கள். அட்டையில் உள்ள பெயர்ப் பட்டியல் கல்யாணப் பத்திரிகை போல நீள்கிறது. ஆனால் பட்டியலைப் படிப்பது வேறு, பாட்டைக் கேட்பது வேறு. எந்த ஒரு கணத்திலும் இத்தனை பேரும் சேர்ந்து வாசிப்பதில்லை. ஒருவர் வந்து நான்கு சுரம் தொட்டுவிட்டு விலகுகிறார். இன்னொருவர் அந்த இடத்தில் வருகிறார். ஆல்பத்தின் பெரிய வெற்றிப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்'. வெற்றிபெறக்கூடிய ஒரு பாட்டுக்கூட இதில் இல்லையே என்று நிர்வாகத் தரப்பு கவலைப்பட்ட பிறகு கடைசியில் எழுதியது. அதில் என்ன இருக்கிறது? பியானோவின் கீழ் ஸ்தாயியில் ஒரு சிறு அலகு. தொடங்கிய இடத்திலிருந்து முடியும் வரை அதே அலகு திரும்பத் திரும்ப வருகிறது. டிரம்ஸ் அடியும் மாறுவதில்லை. கேட்டவுடன் விற்க வேண்டும் என்று செய்த பாட்டில்கூட இவர்கள் எடுத்துப்போட்ட பொருள்தான் அதிகம். அந்தப் பாட்டு பிரிட்டனில் 16-ஆம் இடம் வரை போனது, ஆல்பம் 8-ஆம் இடம். குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்களிலேயே பிரிட்டனில் உச்சம் அதுதான்.

இன்னும் வலுவான சாட்சி அந்தத் தட்டின் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து ஒற்றைப் பாட்டுத் தட்டுக்கு முன்பக்கம் கடைக்காரனுக்கு, பின்பக்கம் கலைஞனுக்கு. முன்பக்கம் வானொலிக்குப் போகும், பின்பக்கத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதனாலேயே அங்கே சுதந்திரம் உண்டு. 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' தட்டைத் திருப்பிப் போட்டால் 'இட்ஸ் கெட்டிங் லேட் இன் தி ஈவ்னிங்' என்ற பாட்டு வருகிறது. அவசரமே இல்லாத, ஓசைகளுக்கு நடுவில் பெரிய வெளி விட்ட பாட்டு. தேதி தெரியாமல் கேட்பவர் இதை 1988-இல் செய்தது என்றுதான் சொல்வார். அதே 1986 ஆல்பத்தின் 'கமீலியன் டே' இன்னொரு சாட்சி. தாளம் ஏறக்குறைய இல்லை. பியானோ இருக்கிறது, குரல் இருக்கிறது, மூச்சு போல ஓர் ஓசை இருக்கிறது. அதற்கும் பின்னால் போனால், 1984 ஆல்பத்தின் 'ரெனே' பாட்டிலேயே இந்த நிதானம் தொடங்கிவிட்டது. விதை எங்கே, மரம் எங்கே என்று கோடு போட யாரால் முடியும்?

நண்பர்களே, இனி 1988-க்கு வருவோம். என் பேச்சின் பெரும் பகுதியை இங்கேயே செலவிட விரும்புகிறேன். வட லண்டனில் ஹைபரி பகுதியில் வெஸெக்ஸ் என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. முன்பு தேவாலய மண்டபமாக இருந்த விக்டோரியா காலத்துக் கட்டடம். செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்ற பங்க் குழுக்கள் தங்கள் கோபத்தையெல்லாம் தட்டில் ஏற்றிய இடம் அது. 1987-இல் ஹாலிஸும் கூட்டாளிகளும் அங்கே குடியேறினார்கள். 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றிருந்ததால் நிறுவனம் பணத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. மாதங்கள் ஓடின. கூடத்தில் விளக்கை ஏறக்குறைய அணைத்துவிட்டார்கள். சுவரில் எண்ணெய்த் துளிகளின் நிறங்களை அசையவிடும் ஒரு புரொஜெக்டர், மினுக்கி மினுக்கி எரியும் ஒரு விளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். ஃபில் பிரவுன் ஒலிப்பொறியாளர். இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக அந்த இருட்டுக்குள் வருவார்கள். என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தாள் கிடையாது. ஒலிப்பதைக் கேட்டு, தோன்றுவதை வாசித்துவிட்டுப் போக வேண்டும். பின்பு ஹாலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் உட்கார்ந்து, மணிக்கணக்கான வாசிப்பிலிருந்து சில நொடிகளை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கிவிடுவார்கள். எடுத்த நொடிகளை டிஜிட்டல் கருவிகளின் உதவியோடு இடம் மாற்றி, இணைத்து, ஒரு பாட்டாகக் கட்டுவார்கள்.

யார் யார் வந்தார்கள்? வயலின் வாசித்தவர் நைஜல் கென்னடி. 1989-இல் விவால்டியின் நான்கு பருவங்களை வெளியிட்டு உலகப் புகழ் பெறப்போகிறவர். மவுத் ஆர்கன் வாசித்தவர் மார்க் ஃபெல்தம். டிரம்பெட் வாசித்தவர் ஹென்றி லோதர். செல்ம்ஸ்ஃபோர்டு தேவாலயத்துப் பாடகர் குழுவும் வந்தது. ஹியூ டேவிஸ் என்று ஒருவர் வந்தார். ஜெர்மன் இசைமேதை ஸ்டாக்ஹவுஸனுக்கு உதவியாளராக இருந்தவர், தாமே கருவிகளைச் செய்துகொள்கிறவர். ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் அட்டைக்குள் கம்பிகளையும் சில்லறைச் சாமான்களையும் பொருத்தி அவர் செய்த கருவியின் பெயர் ஷோஸிக். அந்தத் தொகுதியின் முதுகில் அச்சாகியிருந்த எழுத்துகளே அதன் பெயராகிவிட்டன. இப்படிப்பட்ட ஆட்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டு, அவர்கள் வாசித்ததில் பெரும்பகுதியைத் தூக்கிப்போடுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அப்படிப் பிறந்த ஆல்பம்தான் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. ஆறு பாட்டுகள். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் இடைவெளி இல்லாமல் ஒன்றாகவே ஓடுகின்றன. முதல் பாட்டு 'தி ரெயின்போ' எப்படித் தொடங்குகிறது? தூரத்தில் ஒரு டிரம்பெட். பிறகு கம்பிகளின் மெல்லிய உராய்வு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு வேறெங்கோ ஓர் ஓசை. பாப் பாட்டு என்றால் பத்து நொடிக்குள் காதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. இங்கே நிமிடங்கள் போகின்றன, பாட்டு இன்னும் வரவில்லை. பொறுமை இழந்து எழுந்துவிடலாமா என்று தோன்றும் நேரத்தில் கிடாரும் டிரம்ஸும் மெல்ல நடக்கத் தொடங்குகின்றன. அப்புறம் வருகிறது அந்த மவுத் ஆர்கன். ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி, ஒலி கிழியும் அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிடாரோ என்று காது ஏமாறுகிறது. அது ஏன் அவ்வளவு பலமாகத் தாக்குகிறது? சத்தத்தின் அளவு காரணமல்ல. அதற்கு முன்னால் இருந்த அமைதிதான் காரணம். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீர்மானத்தில் கார்வையை வைக்கத் தெரியாதவருடைய கடைசி அடி எவ்வளவு ஓங்கி விழுந்தாலும் எடுபடுவதில்லை அல்லவா?

இந்த ஆல்பத்தோடு மேடையும் போயிற்று. 1986-இன் சுற்றுப்பயணமே அவர்களுடைய கடைசிச் சுற்றுப்பயணம். இருட்டில் துண்டு துண்டாகக் கிடைத்த கணங்களை மேடையில் மறுபடி வாசிப்பது எப்படி? வாசித்தாலும் அது வேறொன்றாக அல்லவா இருக்கும்? நிறுவனம் 'ஐ பிலீவ் இன் யூ' என்ற பாட்டை வெட்டிச் சுருக்கித் தனித் தட்டாக வெளியிட்டுப் பார்த்தது. ஹெராயின் பழக்கம் மனிதனை அழிப்பதைப் பற்றிய பாட்டு அது. விற்கவில்லை. இரண்டாண்டுக்கு முந்தைய ஆல்பத்தில் 'ஐ டோன்ட் பிலீவ் இன் யூ' என்று ஒரு பாட்டு உண்டு என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இப்போது தற்கொலைக் கதைக்கு வருகிறேன். சந்தையில் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறார்களே, பிணம் எங்கே? 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 19-ஆம் இடத்தைத் தொட்டது. அடுத்து வந்த கடைசி ஆல்பம் 26-ஆம் இடத்தைத் தொட்டது. சின்தசைசர் காலத்து 'இட்ஸ் மை லைஃப்' எந்த இடத்தைத் தொட்டது? 35. நடனப் பாட்டு நிரம்பிய ஆல்பத்தைவிட, புரியாத ஆல்பங்கள் என்று சொல்லப்பட்ட இரண்டும் பட்டியலில் மேலே நின்றிருக்கின்றன! பட்டியல் இடம் என்பது வெளியான வாரங்களின் வேகத்தைத்தான் காட்டும், பழைய விசுவாசிகள் ஓடிப்போய் வாங்கியதன் விளைவு அது என்று நீங்கள் மறுக்கலாம். சரியான மறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன். ஐரோப்பாவில் ஓடிய பழைய தட்டுகளோடு ஒப்பிட்டால் வருமானம் குறைந்ததும் உண்மையே. ஆனால் அந்த மறுப்பே என் பக்கம்தான் பேசுகிறது. அந்த விசுவாசிகள் எங்கிருந்து வந்தார்கள்? வெற்றிப் பாட்டுகள் சேர்த்துக் கொடுத்த கூட்டம் அது.

சரி, நிறுவனத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கலைஞன் நல்லவன், முதலாளி கெட்டவன் என்று எழுதுவது சுலபம். இ.எம்.ஐ. நிறுவனம் மாதக்கணக்கில் கூடத்துக்கு வாடகை கட்டியது. வந்து வாசித்தவர்களுக்கெல்லாம் கூலி கொடுத்தது. கடைசியில் வானொலியில் போட முடியாத ஆறு பாட்டுகள் கைக்கு வந்தன, சுற்றுப்பயணமும் இல்லை என்றார்கள். எந்தக் கடைக்காரருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதன் பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமையை நிறுவனம் உரிய காலத்துக்குள் பயன்படுத்தியதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய், முடிவில் குழு விடுதலை பெற்றது. ஆனால் முழுக்க நஷ்டப்பட்டுப் போனதா நிறுவனம்? 1990-இல் பழைய பாட்டுகளைத் தொகுத்து 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று வெளியிட்டது. பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம்! குழு உயிரோடு உழைத்து எட்டாத உயரத்தைத் தொகுப்பு எட்டியது. 1984-இல் பிரிட்டனில் 46-ஆம் இடத்தோடு நின்றுபோன 'இட்ஸ் மை லைஃப்' பாட்டு மறுவெளியீட்டில் 13 வரை ஏறியது. விட்ட காசை நிறுவனம் தேடிக்கொண்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஆண்டே அந்தப் பாட்டுகளைக் குழுவைக் கேட்காமல் மற்றவர்கள் கையில் கொடுத்து, புதுத் தாளம் ஏற்றி, நடனத் தட்டாக விற்றது. குழு வழக்குத் தொடுத்தது, அந்தத் தட்டு கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. ஒவ்வொரு சுரமாகக் கழித்துக்கொண்டிருந்தவர்களின் பாட்டில் கூட்டல் கணக்குப் போட்டால் சும்மா இருப்பார்களா?

1991-இல் கடைசி ஆல்பம், 'லாஃபிங் ஸ்டாக்'. வெளியிட்டது வெர்வ். 1950-களில் நார்மன் கிரான்ஸ் தொடங்கிய ஜாஸ் நிறுவனம், அப்போது பாலிடார் குடும்பத்தில் புத்துயிர் பெற்றிருந்தது. அதே வெஸெக்ஸ் கூடம், அதே ஃபில் பிரவுன், அதே இருட்டு. பால் வெப் விலகிவிட்டார். ஆல்பம் எதில் தொடங்குகிறது தெரியுமா? ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலில். சுவிட்சைப் போட்டதும், யாரும் இன்னும் தந்தியைத் தொடாத நிலையில் ஒரு கருவி விடும் மூச்சு. எந்தப் பொறியாளரும் முதலில் வெட்டியெறியும் பகுதி அது. எல்லாவற்றையும் வெட்டியவர்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'ஆஃப்டர் தி ஃப்ளட்' என்ற பாட்டில் தனி ஆவர்த்தனம் போல ஓர் இடம் வருகிறது. மற்ற குழுக்களின் கிடார் கலைஞர்கள் விரல் வேகத்தைக் காட்டும் இடம். இங்கே ஒரே சுரம்தான். கிழிந்து, நடுங்கி, நின்று, ஒரு நிமிடத்துக்கும் மேலாக அதே சுரம் நீள்கிறது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: இது குழுவா? ஊரிலுள்ள கலைஞர்களையெல்லாம் வரவழைத்து, அவர்கள் வாசித்ததை இரண்டு பேர் வெட்டி ஒட்டினால் அதற்குக் குழு என்று பெயரா? இந்தக் கேள்விக்குப் பாதி தலைவணங்குகிறேன். 1991-இல் டாக் டாக் என்பது பெரும்பாலும் அட்டையில் அச்சான பெயர்தான். மீதிப் பாதிக்கு லீ ஹாரிஸை அழைக்கிறேன். 'ஆஃப்டர் தி ஃப்ளட்', 'நியூ கிராஸ்' இரண்டிலும் அவருடைய டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். நிமிடக்கணக்கில் ஒரே நடை. அலங்காரம் கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது. மேலே எத்தனை சிதறல் நடந்தாலும் தரை ஆடுவதில்லை. அந்தத் தரை 1982-இல் போட்டது. ஒரே அடியை அலுக்காமல் நிறுத்தும் வித்தையை நடனப் பாட்டில் அல்லவா அவர் கற்றார்? வெட்டி ஒட்டும் கத்தரிக்கோல் யாருக்கும் கிடைக்கும். எதன் மேல் ஒட்டுவது என்பதற்கு ஒரு பத்தாண்டுப் பழக்கம் வேண்டியிருந்தது.

இன்னொருவர் கேட்கலாம்: எதையும் வாசிக்காமல் இருப்பது பெரிய வித்தையா, அதற்கு ஓர் ஆண்டு வேண்டுமா? எதையும் வாசிக்காமல் இருப்பது வித்தையே அல்ல. வாசித்துவிட்டு, அது அழகாகவும் இருந்துவிட்டு, அதற்குப் பிறகும் நீக்குவதுதான் வித்தை. மோசமானதை நீக்க யாருக்கும் கை நடுங்காது. மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: வாடகை கட்ட நிறுவனம் இருந்தது, எனவே விளையாடினார்கள்; எத்தனை கலைஞர்களுக்கு இப்படி ஓர் ஆண்டு கிடைக்கும்? கிடைக்காது. மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் இந்தக் கதையைத் தியாகக் கதையாகச் சொல்லாதீர்கள் என்று இவ்வளவு நேரம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். தியாகி என்றால் முதல் மூன்று ஆல்பங்களையும் பாவம் என்று ஒதுக்க வேண்டியிருக்கும். அவை பாவமல்ல, முதல். அவற்றை விற்காமல் வெஸெக்ஸின் இருட்டுக்கு ஒரு நாள் வாடகைகூடக் கட்டியிருக்க முடியாது. இந்தக் குழுவின் கடைசி இரண்டு ஆல்பங்களை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு முன்னவற்றைப் பார்த்து உதட்டைச் சுழிக்கும் ரசிகர்கள் நிறைய உண்டு. 2003-இல் அமெரிக்காவின் நோ டவுட் குழு 'இட்ஸ் மை லைஃப்' பாட்டை மறுபடி பாடி அந்நாட்டுப் பட்டியலில் முதல் பத்துக்குள் கொண்டுபோனபோது, அந்த ரசிகர்களில் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களோ! மெட்டு வலுவாக இல்லாவிட்டால் இருபதாண்டு கழித்து இன்னொருவர் குரலில் அது நிற்குமா? ஹாலிஸுக்கு மெட்டமைக்கத் தெரியாமல் போகவில்லை. தெரிந்த ஒன்றைக் குறைவாகப் பயன்படுத்தினார்.

கணக்கில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. குழு கலைந்த பிறகு, 1998-இல் மார்க் ஹாலிஸ் தம் பெயரையே தலைப்பாக்கி ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். எலெக்ட்ரிக் கருவிகளும் போயின. பியானோ, கிடார், கிளாரினெட் போன்ற கருவிகள் மட்டும், ஒரு சிறு அறையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல ஒலிக்கின்றன. நாற்காலி அசைவதுகூடக் கேட்கிறது. முதல் பாட்டின் பெயர் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'. ஆம், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் பெரிதாக விற்ற அந்த ஆல்பத்தின் பெயரேதான். தம் வெற்றியை வெறுத்தவர் அந்தப் பெயரை மறுபடி எடுத்து முதல் பாட்டுக்குச் சூட்டுவாரா? தட்டைப் போட்டால் உடனே எதுவும் கேட்காது. சில நொடி அமைதிக்குப் பிறகுதான் பியானோ வரும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், ஒரு நிமிடத்துக்கும் மேல், சத்தமே இல்லாமல். அதற்குப் பிறகு 2019 பிப்ரவரியில், தம் 64-ஆம் வயதில் அவர் இறக்கும் வரை, இன்னொரு ஆல்பம் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் 1988-இல் தொடங்காதீர்கள். 1982-இல் தொடங்குங்கள், வரிசையாகக் கேளுங்கள்.